பேசும் மின்தேக்கி

வளப்பூர் நாட்டில் எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பியின்போது சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு நிகழ்ச்சியை முதலில் கூறிவிடுகிறேன். கொல்லிமலையில் வீடுகள் ஒரே இடத்தில் நெருங்கி அமைவதில்லை. இந்தச் சரிவில் பத்து வீடு, எதிர்ச் சரிவில் பதினைந்து வீடு, நடுவே ஒரு பள்ளமும் படிவயல்களும் என்று ஊர் சிதறிக் கிடக்கும். அன்று மாலை கூட்டத்தில் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று தாயைப் பிரிந்து அழுதுகொண்டு நின்றது. பலாமரக் கிளையில் கட்டியிருந்த கூம்பு ஒலிபெருக்கி வழியாகக் குழந்தையின் பெயரையும் அது இருக்கும் இடத்தையும் திரும்பத் திரும்ப அறிவித்தார்கள். தாயோ எதிர்ச் சரிவில் தேடிக்கொண்டிருந்தாள். அறிவிப்பு அவள் காதில் விழாமல் இல்லை. மலையே அதிரும்படி விழுந்தது. ஆனால் சொல் விழவில்லை. பாட்டை நிறுத்திவிட்டு யாரோ பேசுகிறார்கள் என்ற அளவுக்குத்தான் தெரிந்தது என்று பின்னர் அவளே சொன்னாள். ஒரு மணி நேரம் கழித்து, ஓர் ஆள் பள்ளத்தில் இறங்கி ஏறிப் போய்ச் சொன்ன பிறகுதான் தாயும் சேயும் ஒன்று சேர்ந்தார்கள்.

அன்று இரவு ஊர்ப் பெரியவர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். “ஏம்ப்பா, நீ இதைத்தானே படிச்சுட்டுப் பாடம் நடத்தற? இத்தனை சத்தம் போடுது, பேசறது மட்டும் ஏன் வெளங்க மாட்டேங்குது?” என்று கேட்டார். ஏதோ சொல்லி நழுவினேன். ஆயினும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதைத் துரத்திக்கொண்டு சென்றபோதுதான் நிலைமின்னியல் ஒலிபெருக்கியின் வரலாற்றில் போய் நின்றேன். அந்த வரலாற்றையே இங்கு மாணவ நண்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பேச்சு விளங்காமற் போனதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, எதிரொலி. ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும். 170 மீட்டர் தொலைவிலுள்ள சரிவில் மோதித் திரும்பும் ஒலி ஒரு நொடி தாமதித்து வந்து அடுத்த சொல்லின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். இரண்டாவது, பெருக்கியை அதன் ஆற்றலுக்கு மீறி முடுக்குவது. அப்போது ஒலியலையின் உச்சிகள் வெட்டுண்டு போகும், உயிரொலிகள் கரகரக்கும், க, ச, த என்னும் மெய்யொலிகளின் வேறுபாடு அழியும். இவ்விரண்டும் நாம் கருவியைக் கையாளும் முறையைப் பொறுத்தவை. மூன்றாவது காரணம் கருவியின் உள்ளேயே இருக்கிறது. ஒலியை உண்டாக்கும் அந்த அதிரும் ஏடு, மின்னோட்டம் சொல்வதை அப்படியே சொல்கிறதா என்பதே அது.

நாம் வழக்கமாகக் காணும் ஒலிபெருக்கிகள் இயங்குசுருள் வகையைச் சேர்ந்தவை. காந்தப் புலத்தினுள் ஒரு கம்பிச்சுருள் இருக்கும். பேச்சு மின்னோட்டம் அதில் பாயும்போது சுருள் முன்னும் பின்னும் அசையும். அச்சுருளோடு ஒட்டிய காகிதக் கூம்போ, கூம்பு வகையில் ஒரு சிறு குவிந்த ஏடோ, காற்றைத் தள்ளும். இங்கே ஒரு சங்கடம் இருப்பதைக் கவனிக்க வேண்டும். விசை ஏட்டின் ஓரிடத்தில் மட்டுமே செலுத்தப்படுகிறது. முறத்தை இரு கையாலும் பிடித்துப் புடைத்தால் தானியம் சீராக எழும்பும். முறத்தின் நடுவை மட்டும் ஒரு விரலால் உந்திப் பாருங்கள். நடு ஒரு பக்கமும் விளிம்பு ஒரு பக்கமுமாக நெளியும். அதிர்வெண் மிகுந்த ஒலிகளில் காகிதக் கூம்பும் இப்படித்தான் நெளிகிறது. அன்றியும் சுருளுக்கும் கூம்புக்கும் எடை உண்டு. தள்ளிய பின்னும் நிற்க மனமில்லாமல் சிறிது ஆடிவிட்டே நிற்கும்.

ஏட்டின் ஒவ்வொரு புள்ளியையும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் தள்ள வழி உண்டா? ஏட்டையும் ஏறக்குறைய எடையே இல்லாததாகச் செய்ய முடியுமா? இவ்விரு கேள்விகளுக்கும் விடையாகப் பிறந்ததே நிலைமின்னியல் ஒலிபெருக்கி.

அதன் அடிப்படை மேல்நிலை வகுப்பிலேயே நாம் படித்ததுதான். இரு தட்டுகளைச் சிறு இடைவெளி விட்டு எதிரெதிரே நிறுத்தி மின்னழுத்தம் கொடுத்தால் அவை மின்னூட்டம் பெற்று ஒன்றையொன்று ஈர்க்கும். இதுவே மின்தேக்கி. தட்டுகளில் ஒன்று மெல்லியதாகவும் அசையக்கூடியதாகவும் இருந்தால், மின்னழுத்தம் மாறுந்தோறும் அது அசையும். அசைந்தால் காற்று அசையும். காற்று அசைந்தால் ஒலி பிறக்கும். காந்தமும் வேண்டாம், சுருளும் வேண்டாம்.

இந்த எண்ணம் ஒன்றும் புதிதன்று. இங்கிலாந்தைச் சேர்ந்த தந்திப் பொறியாளர் குரோம்வெல் வார்லி என்பவர் 1870ஆம் ஆண்டிலேயே, மின்தேக்கியை ஒலிக்கச் செய்து இசை ஒலிகளால் செய்தி அனுப்பும் முறை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். கிரகாம் பெல்லின் தொலைபேசி வந்தது அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்துத்தான் என்பது நினைவிருக்கட்டும். பின்னர் 1881இல் அமெரிக்காவின் டஃப்ட்ஸ் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஏமஸ் டால்பியர், மின்தேக்கியையே செவிக்கருவியாகக் கொண்ட தொலைபேசி ஒன்றை அமைத்துக் காட்டினார். அது பேசவும் செய்தது. ஆனால் தொலைபேசியின் உரிமை குறித்த வழக்கில் 1888இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பெல்லின் பக்கமே தீர்ப்பளித்தது. கல்லூரி ஆய்வகத்தில் பிறந்த அந்தக் கருவி அத்துடன் சந்தைக்கு வெளியே நின்றுவிட்டது.

வழக்கில் வென்றிருந்தாலும் அது வெகுதூரம் போயிருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஏனெனில் அதன் உள்ளே ஒரு முடிச்சு இருந்தது. மின்தேக்கியின் தட்டுகளுக்கிடையே உள்ள ஈர்ப்பு விசை, மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமைகிறது. நேர்க்குறி அழுத்தமானாலும் எதிர்க்குறி அழுத்தமானாலும் தட்டுகள் ஈர்க்கவே செய்யும், ஒருபோதும் விலக்கா. ஆகவே நொடிக்கு 200 முறை அலையும் மின்னழுத்தத்தைக் கொடுத்தால் தட்டு 400 முறை இழுபடும். ஆண் குரல் கொடுத்தால் அதற்கு மேற்சுருதியில் வேறு யாரோ கத்துவதுபோலக் கேட்கும். இதற்கு மருந்து, பேச்சு மின்னழுத்தத்தைவிடப் பன்மடங்கு பெரிய, மாறாத மின்னழுத்தம் ஒன்றை முன்னதாகவே தட்டுகளுக்குக் கொடுத்து வைப்பதாகும். அப்போது ஈர்ப்பு எப்போதும் இருக்கும். பேச்சு அதைச் சற்றே கூட்டும், சற்றே குறைக்கும். குரலின் வடிவம் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ‘பெரும்பாலும்’ என்ற சொல்லை நான் வேண்டுமென்றே இட்டிருக்கிறேன். அந்தக் குறையின் கதை பின்னால் வருகிறது.

முதல் உலகப் போருக்குப் பின் வெற்றிடக் குழாய்ப் பெருக்கிகள் வந்ததும் இந்தக் கருவிக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது. ஜெர்மனியில் ஹன்ஸ் வோக்ட், யோ எங்கல், யோசப் மசோல்லே என்னும் மூவர் ‘டிரை எர்கான்’ என்ற பெயரில் பேசும் படத்தை உருவாக்கினார்கள். 1922 செப்டம்பர் 17ஆம் நாள் பெர்லின் நகரின் அல்ஹாம்பிரா திரையரங்கில் அதைக் காட்டியபோது, திரைக்குப் பின்னிருந்து பேசியது அவர்களே செய்த ‘ஸ்டாட்டோஃபோன்’ என்னும் நிலைமின்னியல் ஒலிபெருக்கி. வியப்பான செய்தி அல்லவா? நம் தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931இல் வெளிவந்தபோது, உலகத் திரையரங்குகளில் காந்தமும் சுருளும் கொண்ட கருவிகளே ஆட்சி செலுத்திக்கொண்டிருந்தன. ஒன்பதே ஆண்டுகளில் மேடை கைமாறிவிட்டது.

மாற்றியவர்களில் முக்கியமானவர்கள் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்டு கெல்லாக் என்னும் இருவர். இன்றைய இயங்குசுருள் ஒலிபெருக்கிக்கு வடிவம் கொடுத்த கட்டுரையை அவர்கள் 1925இல் வெளியிட்டார்கள். ஆனால் இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. இயங்குசுருளை அரியணை ஏற்றிய அதே கெல்லாக், 1929இல் நிலைமின்னியல் ஒலிபெருக்கிக்கும் ஒரு காப்புரிமை கேட்டு விண்ணப்பித்து 1934இல் பெற்றார். பெரிய ஏடு ஒன்றைப் பல சிறு பகுதிகளாகப் பிரித்து இயக்குவது அவர் திட்டம். தன் கையால் வென்ற கருவியின் குறையை அவரைவிட நன்றாக அறிந்தவர் வேறு யார் இருந்திருக்க முடியும்?

1920களின் கடைசியில் அமெரிக்காவில் ‘கைலெக்ட்ரான்’ என்ற நிலைமின்னியல் ஒலிபெருக்கி பொருத்திய வானொலிப் பெட்டிகள் விற்பனைக்கே வந்தன, ஆனால் நிலைக்கவில்லை. மெல்லிய, உறுதியான, ஈரம் உறிஞ்சாத படலம் அன்று எவரிடமும் இல்லை. ரப்பர் காலப்போக்கில் வெடித்தது. காகிதமும் பட்டும் ஈரத்தைக் குடித்தன.

அந்த ஆண்டுகளில்தான் நம் நாட்டிலும் ஒலிபெருக்கி கால் ஊன்றியது. சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியால் 1924இல் தொடங்கிய சென்னை மாகாண வானொலிக் கழகத்தின் பணியை 1930இல் சென்னை மாநகராட்சி ஏற்றது. கடற்கரை போன்ற பொது இடங்களில் ஒலிபெருக்கி வைத்து ஒலிபரப்பை மக்கள் கேட்கச் செய்தது. பம்பாயில் நானிக் மோட்வானே அமைத்துக் கொடுத்த ஒலிபெருக்கிகள் காங்கிரசு மாநாடுகளில் தலைவர்களின் குரலைப் பல்லாயிரவர்க்குக் கொண்டு சேர்த்தன. திறந்த வெளியும் பெருங்கூட்டமுமே நம் தேவை. அதற்கு ஏற்ற கருவியே இங்கு வேரூன்றியது. அதில் தவறு காண முடியாது.

நிற்க. முன்னே சொல்லாமல் விட்ட குறைக்கு வருவோம். மாறாத மின்னழுத்தம் கொடுத்தாலும், ஒரு பக்கம் மட்டும் தட்டு இருந்தால் விசை முற்றிலும் நேர்விகிதமாக இராது. எனவே படலத்தை நடுவில் வைத்து, இருபுறமும் துளையிட்ட தகடுகளை நிறுத்தி, ஒன்று இழுக்கும்போது மற்றொன்று தளரும்படி செய்தார்கள். சிறு அசைவுகளுக்கு இது போதும். ஆனால் தாழ்ந்த ஒலிகளுக்குப் படலம் அதிக தூரம் அசைய வேண்டுமே! அசைந்து ஒரு தகட்டை நெருங்கும்போது, படலத்தின் மேலுள்ள மின்னூட்டம் அந்த நெருங்கிய இடத்தை நோக்கி ஓடிக் குவியும், ஈர்ப்பு மேலும் பெருகும், இன்னும் நெருங்கும், முடிவில் தகட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

இதைத் தீர்த்த வழி, என் பார்வையில், இந்த வரலாற்றிலேயே அழகான பகுதி. படலத்தின்மேல் நன்றாக மின்கடத்தும் உலோகத்தைப் பூசாமல், மிக அரிதாகவே மின்கடத்தும் பூச்சைப் பூசினார்கள். அவ்வளவே! எங்கள் மலையில் உள்ளவர்களுக்கு இதை விளக்க ஒரு நொடி போதும். வரப்பில்லாத சரிவில் நீர் விட்டால் தாழ்ந்த பக்கம் ஓடிச் சேர்ந்துவிடும். படிவயலாக வெட்டி வரப்புக் கட்டினால் ஒவ்வொரு வயலின் நீரும் அதனதன் இடத்திலேயே நிற்கும். உயர்ந்த மின்தடை கொண்ட பூச்சு, வரப்பின் வேலையைச் செய்கிறது. ஓர் அலைவு முடியும் நேரத்துக்குள் மின்னூட்டம் இடம்விட்டு இடம் ஓட முடியாது. ஒவ்வோர் இடத்திலும் மின்னூட்டம் மாறாமல் இருக்க, இரு தகடுகளுக்கிடையே உள்ள மின்புலம் மட்டும் பேச்சுக்கேற்ப மாறுகிறது. விசை என்பது மின்னூட்டத்தையும் மின்புலத்தையும் பெருக்கி வருவது. ஆதலால் படலம் இடைவெளியில் எங்கே நின்றாலும் விசை பேச்சுக்கு நேர்விகிதமாகவே இருக்கும். இருமடிச் சிக்கல் முற்றாக அகன்றது. ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபிரெடரிக் ஹண்ட் 1954இல் வெளியிட்ட ‘எலெக்ட்ரோஅக்கௌஸ்டிக்ஸ்’ என்ற நூல் இந்தக் கொள்கையைத் தெளிவாக்கியது. அடுத்த ஆண்டு இங்கிலாந்தில் பீட்டர் வாக்கர் ‘வயர்லெஸ் வேர்ல்டு’ இதழில் தொடர் கட்டுரைகள் எழுதி, அதை எப்படிச் செயலாக்கலாம் என்று விளக்கினார்.

கொள்கை கிடைத்த அதே காலத்தில் பொருளும் கிடைத்தது நல்வாய்ப்பு. 1950களில் பாலியஸ்டர் படலம் சந்தைக்கு வந்தது. 12 மைக்ரான் தடிப்புள்ள படலத்தை எடுத்துக்கொள்வோம். நம் தலைமயிரின் தடிப்பில் ஆறில் ஒரு பங்குகூட இராது. அதில் ஒரு சதுர மீட்டர் சுமார் 17 கிராம் எடை இருக்கும். சமவெளியில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒன்றரைச் சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரம் நிற்கும் காற்றின் எடையும் அவ்வளவுதான்! தான் தள்ளவேண்டிய காற்றைவிடக் கனமில்லாத ஏடு கிடைத்துவிட்டது. தள்ளு என்றால் தள்ளும்; நில் என்றால் நிற்கும்.

அமெரிக்காவில் ஆர்தர் ஜான்சன் என்பவர் 1953இல் காப்புரிமை பெற்று, உயர்ந்த ஒலிகளுக்கு மட்டுமான நிலைமின்னியல் ஒலிபெருக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். தாழ்ந்த ஒலிகளுக்கு அதன் பக்கத்தில் ஓர் இயங்குசுருள் பெட்டியை வைத்துக்கொள்வார்கள். எல்லா ஒலிகளுக்கும் ஒரே கருவி என்பதைச் சாதித்தவர் பீட்டர் வாக்கர். 1936இல் அவர் தொழில் தொடங்கியதே பொதுக்கூட்டங்களுக்கான ஒலிபெருக்கிக் கருவிகளைச் செய்வதற்காகத்தான் என்றறிந்தபோது, எங்கள் பலாமரக் கூம்பு என் நினைவுக்கு வந்தது. ஹண்டிங்டன் நகரிலிருந்த அவருடைய தொழிற்சாலையிலிருந்து 1957இல் ‘குவாட்’ நிலைமின்னியல் ஒலிபெருக்கி வெளிவந்தது. பார்வைக்குக் குளிர்நாட்டு வீடுகளில் வைக்கும் அறைச் சூடேற்றியைப்போல இருக்கும். தாழ்ந்த ஒலிப் பகுதிக்கு 6,000 வோல்ட்டு, உயர்ந்த ஒலிப் பகுதிக்கு 1,500 வோல்ட்டு மாறாத மின்னழுத்தம். 1985 வரை, இருபத்தெட்டு ஆண்டுகள் அது செய்யப்பட்டு வந்தது. அதற்குள் வாக்கர் அடுத்ததைத் தொடங்கியிருந்தார். 1963இல் தொடங்கிய வேலை 1981இல்தான் முடிந்தது. துளைத்தகட்டை ஒன்றுக்குள் ஒன்றான வட்ட வளையங்களாகப் பிரித்து, நடுவிலிருந்து விளிம்புக்குச் சிறிது சிறிதாகக் காலந்தாழ்த்தி மின்னழுத்தத்தை அனுப்பினார். குளத்தில் கல்லெறிந்தால் வட்டம் வட்டமாக அலை விரிவதைப்போல ஒலி விரிந்து, ஒரே புள்ளியிலிருந்து வருவதாகத் தோன்றும். ஏட்டைப் பகுதி பகுதியாக இயக்கலாம் என்ற கெல்லாக்கின் பழைய எண்ணம் இப்படி முழு உருப்பெற அரை நூற்றாண்டு ஆயிற்று.

படித்ததோடு நில்லாமல் நாமும் செய்து பார்ப்போமே என்று எங்கள் ஆய்வகத்தில் மாணவர் நால்வருடன் முயன்றேன். இரண்டு துளைத்தகடுகள், நடுவே பிளாஸ்டிக் படலம், அதன்மேல் பென்சில் கரியைப் பஞ்சால் தேய்த்துத் தேய்த்து ஒரு பூச்சு. (உயர் மின்னழுத்தம் உயிரைக் குடிக்கும், ஆசிரியர் உடனில்லாமல் மாணவர்கள் இதைத் தொடவே கூடாது.) பங்குனியில் அது பேசிற்று. மெல்லிய குரல்தான், ஆயினும் வானொலிச் செய்தி வாசிப்பவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. அதை விடுமுறைக்கு எங்கள் ஊருக்கு எடுத்துச் சென்றேன். அங்கே மழை முடிந்து மூடுபனி இறங்கியிருந்தது. பேச்சுக்குப் பதில் ‘சொர்’ என்ற இரைச்சலும், இடையிடையே சிறு நீலப்பொறியும்தான் வந்தன. ஈரம் படிந்த சட்டங்களின் வழியே மின்னூட்டம் கசிந்துவிட்டது.

ஈரம் மட்டும் குற்றவாளி அன்று. சமவெளியில் காற்று ஒரு சென்டிமீட்டருக்குச் சுமார் 30,000 வோல்ட்டு வரை தாங்கும். அதற்கு மேல் பொறி பாயும். அந்த உச்சத்தில்கூட ஒரு சதுர மீட்டர்ப் பரப்பில் நிலைமின் விசை ஏறக்குறைய 4 கிலோ எடையளவுதான். அதற்கு மேல் ஒரு துளியும் கேட்க முடியாது. இயற்கையே போட்ட எல்லை அது. சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு. பொறி முன்னதாகவே பாயும். எழுபது கொண்டையூசி வளைவுகள் ஏறி மேலே வந்தால் அந்த 4 கிலோ சுமார் 3 கிலோவாகிவிடும். போதாக்குறைக்குப் படலத்தின் முன்புற ஒலியும் பின்புற ஒலியும் எதிரெதிரானவை. தாழ்ந்த ஒலிகளில் அவை ஓரத்தைச் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஆக, பள்ளத்தைத் தாண்டி எதிர்ச் சரிவுக்குக் கூப்பிட இந்தக் கருவியால் ஆகாது. அமைதியான அறையில் ஒருவர் அமர்ந்து இசை கேட்கப் பிறந்தது அது.

ஆனால் இதே குடும்பத்தின் இன்னொரு பிள்ளை உலகையே வென்றுவிட்டது. மின்தேக்கியின் ஏட்டை மின்னழுத்தத்தால் அசைப்பதற்குப் பதிலாக, குரலால் அசைத்து மின்னழுத்தத்தைப் பெற்றால் அது ஒலிவாங்கி. ஈ. சி. வென்ட்டே என்பவர் 1916இல் அதை உருவாக்கினார். காற்றைத் தள்ள வேண்டியதில்லை, உணர்ந்தால் போதும் என்பதால் மேற்சொன்ன எல்லை அதைக் கட்டவில்லை. 1962இல் பெல் ஆய்வகத்தில் கெர்ஹார்டு செஸ்லர், ஜேம்ஸ் வெஸ்ட் இருவரும் மின்னூட்டத்தைப் படலத்திலேயே நிலையாகப் பதித்து வைக்கும் முறையைக் கண்டதும் உயர் மின்னழுத்தமும் தேவையற்றதாயிற்று. இன்று நம் கைப்பேசியில் இருக்கும் கடுகளவு ஒலிவாங்கியும் மின்தேக்கிதான். டால்பியரின் கருவி, திரும்பி நின்று கேட்கக் கற்றுக்கொண்டு, கொல்லிமலையில் மிளகு பறிக்கிறவர் சட்டைப்பையிலும் இருக்கிறது.

பெரியவருக்கு நான் பதில் சொல்லியாக வேண்டுமே. சென்ற நோம்பிக்கு முன்னதாகவே சென்று, ஒலிபெருக்கிக்காரரிடம் பேசினேன். ஒரே மரத்தில் கட்டியிருந்த பெரிய கூம்புக்குப் பதிலாக, இரு சரிவிலும் ஒவ்வொரு சிறு கூம்பு, எதிர்ச் சரிவைப் பாராமல் வீடுகளைப் பார்த்து. பெருக்கியின் குமிழ் பாதிக்குக் கீழே. அறிவிப்பவர் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையே ஒரு மூச்சு விடவேண்டும். ஒலிபெருக்கிக்காரர் முதலில், “இதுக்கு எதுக்குங்க சார் நான்? சத்தமே இல்லையே” என்று முகம் சுளித்தார். பெரியவர் எதிர்ச் சரிவில் தம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டார். முதல் அறிவிப்பு, யாரோ வண்டிச் சாவியைத் தொலைத்துவிட்டார்கள் என்பது. சிறிது நேரத்தில் அவர் பேரன் பள்ளத்தைத் தாண்டி ஓடிவந்து, “சாவி யாருதுன்னு தாத்தா கேட்டுட்டு வரச்சொன்னாரு” என்றான்.